உச்சிவேளைக்காரிக்கு ஒரு மணி நேரம்

போன கோடையில் இங்கே ஜெர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தேன். அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ அந்த ஊமைப் பிள்ளையெல்லோ?" என்று கேட்டாள். நாலாம் வகுப்பில் எனக்குப் பக்கத்து வகுப்பில் இருந்தவள், என்னைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் கண்டவள். தலை நரைத்திருந்தது, இடுப்பில் பேத்தி இருந்தாள். "ஓம், நான்தான்" என்றேன். மேற்கொண்டு விளக்கம் சொல்வதற்குள் வரிசை நகர்ந்து கத்தரிக்காய்க் கறி வந்துவிட்டது. கறியா விளக்கமா என்றால் நான் எப்போதும் கறியின் பக்கம்தான். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். சின்ன வயதில் இந்த நாட்டில் வந்திறங்கி, இப்போது படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் என் வயதுக்காரர்கள் எல்லோரும் கேளுங்கள்.

நான் ஊமை இல்லை. ஒரு வருடம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் இருந்தது ஹைமில். அகதிகளை வைத்திருந்த விடுதியை அப்படித்தான் சொல்வோம். ஊருக்கு வெளியே, கால்வாய்ப் பக்கம், முன்பு தொழிலாளர்கள் தங்கியிருந்த பழைய கட்டடம். அதன் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது: தரைக்குப் பூசும் மெழுகு, ஈரச் சப்பாத்து, ஒரே குசினியில் ஆறு குடும்பம் வதக்கிய வெங்காயம். எனக்கு யாரோ கொடுத்த சிவப்பு ஜாக்கெட் ஒன்று இருந்தது. கழுத்துப் பட்டையின் உள்ளே வேறொரு பிள்ளையின் பெயர் நூலால் தைத்திருந்தது. அந்தப் பிள்ளை யார், இப்போது எங்கே இருக்கிறாள் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. ஜாக்கெட்டும் எங்கேயோ தொலைந்துபோனது.

நான் நாலாம் வகுப்புத் தொடங்கிய நேரம், கீழ்மாடியில் இருந்த ஒரு அண்ணையின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விசாரணையில் அவர் ஒரு மாதத்தைச் சொல்ல, அவருடைய மனைவி வேறு மாதத்தைச் சொல்லிவிட்டாராம். உண்மை என்னவோ, ஹைமில் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு அம்மா என்னைக் கட்டிலில் இருத்தி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ளை, பள்ளிக்கூடத்தில எங்கட கதை ஒண்டும் கதைக்கக் கூடாது. நாங்கள் சொன்னதும் நீ சொன்னதும் ரெண்டாப் போச்செண்டால் எல்லாம் முடிஞ்சுது. விளங்குதோ?"

"ஓம்."

ஆனால் எது எங்கள் கதை, எது இல்லை என்று பத்து வயதில் எப்படிப் பிரிப்பது? பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, சனி ஞாயிறில் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். நேற்றுப் புட்டுத் தின்றேன் என்று சொன்னால் அது எங்கள் கதைதானே? அப்பா யன்னலோரம் இருந்து அழுதார் என்பது கட்டாயம் எங்கள் கதை. பிரித்துப் பார்க்க ஏலாமல் மொத்தமாக வாயை மூடினேன். முதலில் ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். அதற்குப் பிறகு திறக்க வெட்கமாகிவிட்டது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஹைம் முழுவதற்கும் நான்தான் வாய். எனக்கு ஜெர்மன் எங்கிருந்து ஒட்டியது என்று எனக்கே தெரியாது. காது திறந்திருந்தது, அது போதுமாயிருந்தது. யாருக்கு டெர்மின் வந்தாலும், அதாவது அலுவலகத்தில் இன்ன நாள் இன்ன நேரம் வா என்று கடிதம் வந்தாலும், என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். விசா நீட்டிப்பு, உடுப்பு உதவி, பல்வலி என்று எந்த விண்ணப்பம், அவர்கள் சொல்லில் அன்ட்ராக், ஆனாலும் அலுவலக யன்னலுக்கு இந்தப் பக்கம் எக்கி நின்று பேசியது நான்தான். "உங்கட மகள் வக்கீல்தான்" என்று அக்காமார் அம்மாவிடம் சொல்வார்கள். அம்மா பெருமையை மறைத்துக்கொண்டு, "வாய் கொஞ்சம் கூட" என்பார்.

என் வகுப்பு ஆசிரியைக்கு இது தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் ஊமை என்பது அம்மாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துச் சொல்வதும் நான்தானே. "நல்ல பிள்ளையாம், சத்தம் போடுறேல்லையாம்" என்று மொழிபெயர்த்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமைகளில் ஹைமுக்கு முன்னால் புத்தக பஸ் வரும். இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் தட்டு அடித்த நூலகம் அது. ஏறினால் டீசலும் பழைய தாளும் கலந்த மணம். பஸ்ஸை ஓட்டியவரே புத்தகமும் பதிவார். தொப்பை, பெரிய மீசை, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் ஸ்லாவ் இனத்தவர். ஆனால் ரஷ்யாவிலிருந்தோ போலந்திலிருந்தோ வந்தவரல்ல. ஜெர்மனியின் கிழக்கு ஓரத்திலேயே சோர்பியர் என்று ஒரு சின்னச் சனம் இருக்கிறது. அதில் பிறந்து, இளவயதில் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தவர். அவர் பேசியதெல்லாம் ஜெர்மன்தான். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

நான் எடுத்தது மேல்தட்டில் கிடந்த கறுப்பு மட்டைப் புத்தகம். ரஷ்யா, போலந்து, பொகேமியா என்று அந்தப் பக்கத்துப் பழைய பேய்க்கதைகளின் தொகுப்பு. நூறு வருடத்துக்கு முந்திய கனவான்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதியவை. தேவாலயத்துக்குள் எழுந்து உட்காரும் பிணம், ஆற்றில் தலை சீவிக்கொண்டிருந்து ஆட்களைக் கூசவைத்தே கொல்லும் பெண், பிரபுவின் கோட்டுப் போட்ட இரத்தக் காட்டேரி. எழுத்துக்கூட்டி வாசிக்க வாசிக்க உடம்பெல்லாம் புல்லரிக்கும். அடுத்த வியாழக்கிழமை பஸ்காரர் புத்தகத்தைக் கண்டதும் சிரித்தார்.

"ஓ, எங்கட சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்!"

அன்றிலிருந்து அவருக்கு அதுவே வேலை. புத்தகத்தில் எழுதியவர்கள் விட்ட பிழைகளைப் பென்சிலால் ஓரத்தில் திருத்துவார். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று மற்றப் பிள்ளைகளைத் திட்டுகிறவர் இவர்.

"இதைப் பார், இரத்தம் குடிக்கிறவன் வெளிறி மெலிஞ்சு இருக்கிறானாம். குடிச்சவன் என்னண்டு மெலிவான்? எங்கட பக்கம் அவன் சிவந்து ஊதிப்போய் இருப்பான், என்னைப் போல. ஒண்டை மட்டும் சரியா எழுதியிருக்கினம். வீட்டுக்காரர் வா எண்டு கூப்பிடாமல் அவன் உள்ளுக்கு வர ஏலாது."

அவருடைய மிகப் பெரிய கோபம் உச்சிவேளைக்காரியின் கதையில் இருந்தது. கோடையில், நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு, தானிய வயலில் வெள்ளைச் சட்டையோடு நடந்து வரும் பெண் அவள். கையில் அரிவாள். வயலில் நிற்கிறவர்களிடம் கேள்வி கேட்பாள். பதில் வராவிட்டால் புத்தியைப் பேதலிக்க வைப்பாள், இல்லையென்றால் கழுத்தை அறுத்துவிடுவாள். புத்தகத்தில் ஒரு கனவான் அவளிடம் அகப்பட்டுச் செத்துப்போகிறார்.

"சாகத்தான் வேணும்!" என்றார் பஸ்காரர். "இதை எழுதினவர் ஒரு நாளும் வயலில இறங்காத ஆள். அவளிட்டைத் தப்ப வழி இருக்குதெண்டு எங்கட பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குச் சணலைப் பற்றி, மெல்லிய வெள்ளைத் துணி நெய்யிற செடியைப் பற்றிக் கேக்க விருப்பம். விதைக்கிறது, பிடுங்கிறது, ஊறப்போடுறது, நூற்கிறது, நெய்யிறது, சட்டை தைக்கிறது. ஒரு மணி அடிக்குமட்டும் ஒண்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் அவளால ஒண்டும் செய்ய ஏலாது. போயிடுவாள்." பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினார்: விதையிலிருந்து சட்டை வரை, நிறுத்தாமல்.

அம்மாவுக்கு அந்தப் புத்தகத்தின் மட்டையைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. "தஞ்சம் கேட்டு வந்த இடத்தில பேயையும் கூட்டிக்கொண்டு வாறியோ?" என்று அதை அறைக்குள் விடவே மாட்டேன் என்றார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, மட்டையில் மூன்று விரலால் திருநீறு பூசி, யன்னலுக்கு வெளியே கொளுவியில் தொங்கவிட்டார். எனக்கு வாசிக்க வேண்டுமென்றால் படிக்கட்டில் இருந்து வாசித்துவிட்டுத் திரும்பத் தொங்கவிட வேண்டும். ஆனாலும் வெங்காயம் உரித்துக்கொண்டே கதை கேட்பார். உச்சிவேளைக்காரியைப் பற்றிச் சொன்னபோது கத்தி அப்படியே நின்றது.

"அவள் இஞ்சயும் நிக்கிறாளோ? எங்கட ஊரில உச்சி நேரத்தில முனி நிக்கும், சின்னப் பிள்ளையளைப் புளிக்குக் கீழ போக விடமாட்டினம்." கத்தி திரும்ப நடந்தது. "ஆனா எங்கட முனி கேள்வி ஒண்டும் கேக்கிறேல்லை. அடிக்கிறதுதான். இவள் பரவாயில்லை, கதை கேக்கிறாள்."

வைகாசி முடிவில் பள்ளிக்கூடத்திலிருந்து தடித்த கடிதம் வந்தது. அதில் சொண்டர்சூல என்ற சொல் இருந்தது. மற்றப் பிள்ளைகளோடு படிக்க முடியாது என்று முடிவு செய்த பிள்ளைகளை அனுப்புகிற தனிப் பள்ளிக்கூடம் அது. ஹைமில் யாருக்கும் அந்தச் சொல் தெரியாது, எனக்குத் தெரிந்திருந்தது. அங்கே போன பிள்ளைகள் எங்கள் வகுப்புக்குத் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. ஒரு அம்மையார் வந்து என்னைச் சோதிப்பார், தாயும் வரவேண்டும், முடிவு அன்றைக்கே என்று எழுதியிருந்தது. நான் அம்மாவிடம், "ஒரு சோதினை வைக்கினமாம், நீங்களும் வரவேணுமாம்" என்றேன். வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான மொழிபெயர்ப்பு அதுதான்.

டெர்மின் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் கம்பி வேலிக்கு அப்பால் ஒரே தானிய வயல். வெயிலில் அது அசையாமல் கிடந்தது. அப்பா அன்றைக்கு வக்கீலிடம் போயிருந்ததால் அம்மாவும் நானும் மட்டும்தான். வகுப்பறையில் ஆசிரியை இருந்தார். அவர் கெட்டவர் அல்ல என்பதை இப்போது சொல்லியாக வேண்டும். அமைதியான இடத்தில் நான் நன்றாயிருப்பேன் என்று மனதார நம்பினார். எனக்காக ஒரு அப்பிள்கூடக் கொண்டுவந்து வைத்திருந்தார். நல்ல மனதோடு எங்களைப் பிழையாகக் கணித்தவர்கள் எத்தனை பேர்!

தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. கதவு திறந்தது. உயரமான பெண், வைக்கோல் நிறத் தலைமுடி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை வெள்ளைச் சட்டை. சணல் துணி. என் கண் முதலில் அவர் கையைத் தேடியது. அரிவாள் இல்லை, கையில் ஒரு கோப்புத்தான். அதுதான் இன்னும் பயமாயிருந்தது.

அவர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஏணி. கத்தரிக்கோல். குடை. "இது என்ன?" நான் பேசவில்லை. "உன் வீட்டில் எத்தனை பேர்?" அது எங்கள் கதை, பேசவில்லை. "நீ எங்கிருந்து வந்தாய்?" பேசவே மாட்டேன். பத்து நிமிடத்தில் அவர் பெருமூச்சு விட்டு, ஆசிரியையின் பக்கம் திரும்பி, நான் அங்கே இல்லாதது போலச் சொன்னார்: "மொழி இல்லை. விளங்குவதாகவும் தெரியவில்லை. நீங்கள் எழுதியது சரிதான்."

அம்மா என் முழங்கையில் தட்டினார். "என்ன சொல்லுறா?"

இப்போது பாருங்கள் என் நிலைமையை. அந்த அறையில் மொழிபெயர்க்கக்கூடிய ஒரே ஆள் நான். என்னைப் பற்றிய தீர்ப்பை நானே அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட செய்தி சொன்ன வாய், அன்றைக்கு ஒரு பொய்யைத் தேடியது. ஆனால் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல ஏலவில்லை.

"எனக்குக் கதைக்கத் தெரியாதாம் அம்மா. விளங்காதாம். வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போயினமாம்."

"ஆருக்கு? உனக்கோ?" அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "நேற்று அந்த விசாக் கந்தோரில கத்திக் கத்திக் கதைச்சனியே! இஞ்ச ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய்?"

"நீங்கள்தானே எங்கட கதை கதைக்கக் கூடாதெண்டு சொன்னீங்கள்."

அம்மாவின் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒரு வருடத்தை அவர் அந்த ஒரு கணத்தில் பார்த்தார். கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"நான் சொன்னது பிழை. அந்தக் கதையை விடு. மிச்சம் உலகத்தில எவ்வளவு கதை இருக்கு? கதை பிள்ளை. இவவுக்குக் காது நிறையிற மட்டும் கதை."

எதைப் பேசுவது? சணலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விதையிலிருந்து சட்டை வரை எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. அது எங்கள் வீட்டுக் கதை இல்லை, ஹைமில் இருந்த எல்லோருடைய கதையும்தான். வெள்ளைச் சட்டைக்காரியின் கண்ணைப் பார்த்து, சுத்தமான ஜெர்மனில் தொடங்கினேன்.

"ஒரு அன்ட்ராக் எப்படிப் போடுவது என்று சொல்கிறேன்."

ஆசிரியையின் கையிலிருந்த அப்பிள் உருண்டு கீழே விழுந்தது.

சொன்னேன். காலை ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும், ஏழு மணிக்கு வந்தால் எண் துண்டு முடிந்துவிடும். கறுப்பு மையால்தான் நிரப்ப வேண்டும், நீல மை என்றால் மூன்றாம் யன்னல்காரி திருப்பிக் கொடுப்பாள். படத்தில் வலது காது தெரிய வேண்டும். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க வேண்டும், மொழிபெயர்த்தவரின் வட்ட முத்திரை வேண்டும், முத்திரை பாதி கையெழுத்தின்மேலும் பாதி தாளின்மேலும் விழ வேண்டும். "இது எங்கள் பொறுப்பில்லை" என்று சொன்னால் வெளியே வரக் கூடாது, "அப்படியென்றால் யார் பொறுப்பு, எந்த அறை?" என்று கேட்க வேண்டும். மூன்றாம் யன்னல்காரியின் மூக்குக் குரலிலேயே பேசிக் காட்டினேன். பல்வலிக்காரப் பெரியவரைப் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக் காட்டினேன். மூச்சு வாங்க நான் நின்றபோதெல்லாம், ஒரு சொல்லும் விளங்காத அம்மா பின்னாலிருந்து "பிறகு?" என்றார்.

வெள்ளைச் சட்டைக்காரி கேள்வி கேட்கத் தொடங்கினார். "அந்த யன்னல் பூட்டியிருந்தால்?" "இரண்டு அறைக்கும் ஒரே நேரத்தில் டெர்மின் வந்தால்?" "பதிலே வராவிட்டால்?" எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இருபது நிமிடத்தில் அவர் பேனாவை வைத்துவிட்டார். நாற்பது நிமிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆசிரியை சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக அடைத்து வைத்த சொல் எல்லாம் வெளியே வர வர, எனக்கு உடம்பே லேசானது. அதைப் போன்ற சந்தோசத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

தேவாலய மணி ஒன்று அடித்தது.

வெள்ளைச் சட்டைக்காரி யன்னலால் வெளியே பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து, எழுதியிருந்ததைக் குறுக்காகக் கோடு போட்டு வெட்டினார். "இந்தப் பிள்ளை சொண்டர்சூலவுக்குப் போகவேண்டியதில்லை" என்று ஆசிரியையிடம் சொன்னார். "கிம்னாசியத்துக்குப் போகட்டும்." பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகிற பள்ளிக்கூடம் அது. பிறகு என் பக்கம் குனிந்து, இந்த முறை என்னைப் பார்த்தே கேட்டார்: "உனக்கு என்னிடம் ஏதாவது கேட்க இருக்கிறதா?"

இருந்தது. யன்னலை விட்டு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது ஹைமில் எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் பாடம்.

"நீங்கள் இப்போது சொன்னதை எழுத்தில் தாருங்கள். முத்திரையோடு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார், ஆனால் எழுதினார். ஆசிரியையே ஓடிப்போய் அலுவலகத்திலிருந்து முத்திரையை எடுத்து வந்தார். அதை மையில் தோய்த்துத் தாளில் குத்திய சத்தம், தேர் இழுக்கும்போது அடிக்கிற பறையைவிடப் பெரிதாக எனக்குக் கேட்டது. "பாதி கையெழுத்துக்கு மேலே விழட்டும்" என்று நான் சொன்னதும் உண்மை.

அந்தத் தாள் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. கறுப்புப் புத்தகம் பஸ்ஸோடு போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுக்கும் முன், பஸ்காரர் ஓரத்தில் எழுதியதற்குக் கீழே நானும் பென்சிலால் எழுதி வைத்தேன்: செய்து பார்த்தேன், சரி. இப்போது நான் நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். என்னிடமே சொந்தமாக ஒரு வட்ட முத்திரை இருக்கிறது. ஊன்ட்றொப் வரிசையில் நின்றவளே, உன் ஊமைப் பிள்ளை வாயால்தான் சோறு தின்கிறாள்.

அன்றைக்கு வயலோரமாக நாங்கள் வீட்டுக்கு நடந்தோம். அம்மா தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார், மடிக்க விடவில்லை. அறைக்கு வந்ததும் சாமிப் படத்துக்கு முன்னால் தாளை வைத்து விளக்கேற்றினார். பிறகு திரும்பி என்னைக் கேட்டார்.

"அந்த வெள்ளைச் சட்டைக்காரி, கூப்பிட்டால்தான் உள்ளுக்கு வருவாளோ?"

"அது இரத்தம் குடிக்கிறவன் அம்மா."

"ஆராயிருந்தாலும் சரி." அம்மா யன்னலைத் திறந்து, கொளுவியில் தொங்கிய பையைக் கழற்றி, புத்தகத்தை வெளியே எடுத்தார். மட்டையில் இருந்த திருநீற்றைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். சாமித் தட்டில், முத்திரை குத்திய தாளுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.

"என்ர பிள்ளையைக் கதைக்க வைச்சனீ" என்று அதற்குச் சொன்னார். "வா, உள்ளுக்கு வா."